உத்தியோகத்தை உதறினால் விடுதலையா?

சென்னையிலும் பெங்களூரிலும் கணினி நிறுவனங்களில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அலுவலகம் என்பது அடிமைத்தளை என்றும், ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு ஒரு மடிக்கணினியோடு புறப்பட்டால், பிடித்த ஊரில் பிடித்த நேரத்தில் உழைத்து, எவருக்கும் கட்டுப்படாமல் ஜீவிக்கலாம் என்றும் அவர்கள் எண்ணுகிறார்கள். இப்படி வாழ்பவர்களை டிஜிட்டல் நாடோடிகள் என்று அழைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. ரமணாசிரமத்தை அடுத்த தெருக்களில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பகலில் தொழிலும் அந்தியில் தியானமுமாகக் காலம் கழிக்கலாம் என்று கனவு கண்டு திருவண்ணாமலையை நாடுகிறவர்களும் இவர்களில் உண்டு. அவர்களுடைய களைப்பை நான் அறிவேன். அதன் மேல் எனக்கு மெய்யான பரிவும் உண்டு. ஆயினும் அவர்களுடைய நம்பிக்கை பிழையானது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரமண மகரிஷியே வீட்டைத் துறந்து ஓடி வந்தவர்தானே என்று அவர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், 16 வயதில், மதுரையிலிருந்து அவர் இந்த ஊருக்கு வந்தார். ஆனால், வந்தவர் 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் உடலை நீக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, இந்த ஊரை விட்டு அகலவே இல்லை என்பதை மட்டும் ஏனோ எவரும் நினைவுகூர்வதில்லை. விடியுமுன் எழுந்து ஆசிரமத்து அடுக்களையில் காய்கறி நறுக்கியும், நூல்களின் அச்சுப்படிகளைத் திருத்தியும், நாள்தோறும் வேலை செய்தவர் அவர். உத்தியோகத்தை விட்டுவிடட்டுமா என்று தம்மிடம் அனுமதி கேட்டு வந்தவர்களை அவர் எளிதில் ஊக்குவித்ததில்லை. 1939இல் அவருடைய உபதேசங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே கர்மத்தையும் துறவையும் பற்றியதுதான். இல்லறத்தான் என்ற எண்ணத்தை அகற்றிய இடத்தில் துறவி என்ற எண்ணம் வந்து குடியேறுமேயன்றி, இடம் மாறுவதால் மனம் மாறாது என்பதே அதன் சாரம்.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். தென்னார்க்காட்டில் ரெவினியூ இலாகாவில் பணிபுரிந்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902இல் அலுவல் நிமித்தம் திருவண்ணாமலைக்கு வந்தபோதுதான், மௌனத்தில் இருந்த அந்த இளந்துறவியிடம் தம் கேள்விகளை வைத்தார். எழுத்து மூலம் கிடைத்த அந்த விடைகளே பிற்காலத்தில் ‘நான் யார்?’ என்ற நூலாயின. அவரும் உத்தியோகத்தை விட்டவர்தாம். ஆனால் அந்த ஞானத்தைத் தேடியதும் பெற்றதும் சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே.

ஆன்மிகத்தை ஒதுக்கிவிட்டு லௌகிகக் கணக்கையே பார்ப்போம். அலுவலகம் என்று நாம் வெறுக்கிற அந்தக் கட்டிடத்துக்குள்தான், தொழிலாளர்கள் பல தலைமுறையாகப் போராடிப் பெற்ற உரிமைகள் சட்டமாக இருக்கின்றன. வருங்கால வைப்பு நிதிக்கு விதிப்படி ஊழியரிடமிருந்து 12 சதவீதம் பிடிக்கப்படும்போது அதற்கு ஈடான தொகையை நிறுவனமும் செலுத்தியாக வேண்டும். 10 ஆண்டுச் சேவை இருந்தால் அந்தத் திட்டத்தின் ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டம் 5 ஆண்டு பணிபுரிந்தவருக்குப் பணிக்கொடை தந்தது. கருவுற்ற பெண்ணுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ராஜினாமா செய்த மறுநாள் இவற்றில் ஒன்றும் தொடர்வதில்லை. தனியாளாக உழைக்கும் பெண் பிரசவத்துக்குப் படுத்தால், அவளுடைய வருமானமும் அவளோடு படுத்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, தங்கள் தங்கையோ மகளோ இந்த வழியில் இறங்கும்போது கைதட்டி அனுப்புகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது.

நேரமாவது நம்முடையதா? நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை, அங்கே குளிர்காலமானால் ஏழரை. அந்த நாட்டுக் கிளையன்டை நம்பி வாழ்பவர் இரவெல்லாம் கணினித் திரையின் முன் அமர வேண்டியவரே. பௌர்ணமியன்று லட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருக்க, மலைக்கு எதிரே குடியிருந்தும் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாரோ ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வாழ்வை விடுதலை என்று எப்படிச் சொல்வது? ஒரு மேலதிகாரியின் இடத்தில் ஐந்தாறு கிளையன்டுகள் வந்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் எவரும் மாதக் கடைசியில் சம்பளம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள்.

ஐரோப்பாவிலிருந்து வருகிறவர் இங்கே சௌகரியமாக வாழ்வதைக் காட்டி வாதிப்பவர்கள், அவருடைய சௌகரியத்துக்கு மூலகாரணம் யூரோவுக்கும் ரூபாய்க்கும் இடையிலுள்ள மதிப்பு வித்தியாசம் என்பதை மறக்கிறார்கள். அவர் சம்பாதிப்பது அங்கே, செலவழிப்பது இங்கே. ரூபாயில் சம்பாதிக்கும் நம் பிள்ளைக்கு அந்த லாபம் இல்லை. எஸ்தோனியா 2020இல் இத்தகைய நாடோடிகளுக்கென்றே விசா வழங்கத் தொடங்கியபோது, அதற்குக் குறைந்தபட்ச மாத வருமானம் ஒன்றையும் நிர்ணயித்தது. நம் நாட்டுச் சாதாரண ஊழியர் அதை எட்டுவது அரிது. மலையடிவாரத்தில் வெளியூர்ப் பணத்தால் ஏறும் வாடகையைச் சுமக்கிறவர்களும் இந்த ஊரிலேயே பிறந்து, இங்கேயே பூக்கட்டியும் ஆட்டோ ஓட்டியும் பிழைப்பவர்கள்தாம். அவர்களைப் பற்றி இந்தக் கனவில் ஒரு வரியும் இல்லை.

2020இல் கொரோனாவினால் அலுவலகங்கள் மூடப்பட்டபோது, நிறுவனங்களே ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோர் வீட்டுத் திண்ணையிலும் மாடியறையிலும் அமர்ந்து, சம்பளமும் வைப்பு நிதியும் குறையாமல், அதே வேலையைச் செய்தார்கள், வேலை நின்றுவிடவில்லை. பிறகு நிறுவனங்கள் திரும்ப அழைத்தன. அவர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். சொந்த ஊரிலிருந்தே உழைக்கவும், எட்டு மணி நேரத்துக்குப் பின் தொலைபேசியை எடுக்காமலிருக்கவும் உத்தியோகத்தில் இருந்துகொண்டே உரிமை கேட்பது சாத்தியமாக இருக்கும்போது, அந்தக் கோரிக்கையை எழுத வேண்டிய தாளில் ராஜினாமாவை எழுதுகிறார்கள். அதைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனத்துக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த வாரமே அந்த நாற்காலியில் இன்னொருவரை அமர்த்தி, அவரிடமும் இரவு பதினோரு மணிவரை வேலை வாங்கும்.