தையல் மெஷினும் ரத்தக் குழாயும்

தைக்கத் தெரிந்த சகோதரிகளுக்கு இந்த முறை ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். கேட்டால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குகிறது. அங்கே அதன் குறுக்களவு சுமார் 2 செ.மீ. சிலருக்கு, முக்கியமாக பீடி, சிகரெட் பிடித்துப் பழகிய வயதான ஆண்களுக்கு, குழாயின் சுவர் நைந்து, பழைய சைக்கிள் ட்யூப் மாதிரி ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளும். 3 செ.மீ. எட்டினால் 'அனியூரிசம்' என்கிறார்கள். பெரும்பாலும் வலியே இருக்காது. அதுதான் வம்பே! வெடித்துவிட்டால், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள்ளேயே பலருக்கு உயிர் போய்விடுகிறது.

விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு 1948-ல் நியூயார்க்கில் ஆபரேஷன் செய்த டாக்டர், இந்தப் புடைப்பின் மேல் செல்லோஃபேன் தாளைத்தான் சுற்றி வைத்தார். அன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான். 1955-ல் அது வெடித்தது. மறுபடி ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார் ஐன்ஸ்டீன். இதற்கிடையே, 1951-ல், பாரிஸில் டுபோஸ்ட் என்ற சர்ஜன் புடைத்த பகுதியை நீக்கி, இறந்தவர் ஒருவரின் குழாயை வைத்துத் தைத்தார். ஆனால் அப்படி எத்தனை குழாய் கிடைக்கும்?

இங்கேதான் நம் தையல் மெஷின் வருகிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டாக்டர் மைக்கேல் டிபேக்கி, சின்ன வயதிலேயே அம்மாவிடம் தையல் கற்றவர். நைலான் துணி வாங்கக் கடைக்குப் போனார். ஸ்டாக் இல்லை, டேக்ரான்தான் இருக்கிறது என்றார்களாம். (அந்தக் காலத்து டெரிலீன் சட்டைத் துணியும் இதுவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.) அதை வாங்கி வந்து மனைவியின் மெஷினில் தானே குழாயாகத் தைத்தார். 1950களில் டேக்ரான் குழாய் நோயாளிகளின் உடம்புக்குள் போயிற்று. 97 வயதில் அவருடைய பெருந்தமனியே கிழிந்தபோது, 2006-ல் நடந்த ஆபரேஷனில் அவருக்கும் டேக்ரான் குழாய்தான் கைகொடுத்தது.

இப்போது பலருக்கு வயிற்றைத் திறக்காமல், தொடையிடுக்கு ரத்தக் குழாய் வழியாகவே மடித்த குழாயை அனுப்பி உள்ளே விரித்துவிடுகிறார்கள். அர்ஜென்டினாவில் டாக்டர் பரோடி 1990-ல் செய்து காட்டிய வழி இது. சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் அப்புறமும் தவறாமல் ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புடைப்பு இருந்தாலே கத்தி என்று பயப்பட வேண்டாம். பொதுவாக ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. ஆனால்தான் ஆபரேஷன் பேச்சு. அதுவரை சிகரெட்டை விட்டுவிட்டு, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, அவ்வப்போது அளந்து பார்ப்பார்கள்.

உங்கள் அப்பாவோ மாமனாரோ புகைத்தவர், 65 வயதைத் தாண்டியவர் என்றால், "வயித்துப் பெரிய ரத்தக் குழாயையும் ஸ்கேன்ல பார்த்துடுங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. "எனக்கு ஒண்ணுமில்லேம்மா" என்பார், விடாதீர்கள். அவருடைய கூடப்பிறந்தவருக்கு இது இருந்தால் இன்னும் அவசியம்.

திடீரென்று வயிறும் முதுகும் பிளப்பது போல வலி, வியர்வை, மயக்கம் என்றால், வாயு என்று கஷாயம் போட உட்காராதீர்கள். ஆபரேஷன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிஷமே கிளம்புங்கள்.