நடந்தறியும் நகரம்

நுழையும்முன்

வேற்று மாநிலத்தில் வாழும் பிள்ளைகளுக்குத் தாம் வாழும் நகரம் பல்லாண்டுகள் கடந்தும் அயலூராகவே தோன்றுவதுண்டு. அந்த அயன்மை நீங்கும் வழியைப் பெங்களூருவை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

எது சொந்த ஊர்?

பெங்களூருவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளிடம் "உன் ஊர் எது?" என வினவினால், சேலம், வேலூர், தருமபுரி எனப் பாட்டியின் ஊரையே பலரும் கூறுவர். அவர்களுள் பலர் பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூருவில்தான். ஆண்டுக்கு இருமுறை செல்லும் ஊர் சொந்த ஊராகவும், நாள்தோறும் வாழும் ஊர் அயலூராகவும் இருப்பது ஏன்? மொழி வேறுபாடே காரணம் என்பர் பெரியோர். அது முழு உண்மையன்று. பாட்டியின் ஊரில் பிள்ளைகள் நடக்கின்றனர். கோயில், குளம், கடைத்தெரு, வயல்வரப்பு என அனைத்தையும் கால்களால் அறிகின்றனர். பெங்களூருவிலோ அவர்கள் வண்டியில் ஏற்றிச் செல்லப்படுகின்றனர். பள்ளி வண்டியின் சன்னலும் மெட்ரோ தொடர்வண்டியின் கண்ணாடியும் காட்டுவதே அவர்களுக்கு நகரம். காலால் அறியாத ஊர் எவருக்கும் சொந்தமாவதில்லை.

எனவே, ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டில் ஒரு நாளேனும் தான் வாழும் நகரை நடந்து காண வேண்டும். அந்நடையில் அம்மண்ணின் மொழியைப் பேசும் தோழர் ஒருவர் உடன் வர வேண்டும்.

ஊர் காணும் மரபு

ஊரை நடந்து காண்பது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் 'ஊர்காண் காதை' என்றே ஒரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் விட்டுவிட்டு, கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கிறான். மணிகள் விற்கும் வீதி, ஆடைகள் விற்கும் அறுவை வீதி, தானியங்கள் விற்கும் கூல வீதி என ஒவ்வொன்றையும் கண்டு வியக்கிறான். ஆயினும் அவன் தனியே நடந்தான். ஊரின் இயல்பை எடுத்துரைக்கும் உள்ளூர்த் தோழன் அவனுக்கு இல்லை. வீதிகளை அறிந்தவன் மனிதரை அறியவில்லை. பின்னர்ச் சிலம்பை விற்கச் சென்றபோது பொற்கொல்லனின் வஞ்சகத்தை உணராமல் உயிரிழந்தான். கண்ணால் கண்டது மட்டும் போதாது என்பதற்கு இக்கதையே சான்று.

ஏரிக்கரை முதல் பேட்டை வரை

தமிழ் பேசும் மாணவி ஒருத்தியும் கன்னடம் பேசும் அவள் தோழியும், பெரியவர் ஒருவர் துணையுடன் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அல்சூர் ஏரிக்கரையிலிருந்து புறப்படுவதாகக் கொள்ளலாம். அல்சூரைக் கன்னடர் 'ஹலசூரு' என்பர். 'ஹலசு' என்பது பலாவைக் குறிக்கும் கன்னடச் சொல் எனத் தோழி கூறிய நொடியே, தமிழ் மாணவிக்கு ஒரு கதவு திறக்கும். தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் பல இடங்களில் ஹகரமாகும். பால் 'ஹாலு' ஆகும். புலி 'ஹுலி' ஆகும். திருச்சிராப்பள்ளியில் உள்ள பள்ளி, பையப்பனஹள்ளியில் 'ஹள்ளி' ஆகும். அவ்வாறே வகரம் பகரமாகும். வா என்பது 'பா' எனவும், வேர் என்பது 'பேரு' எனவும் வழங்கும். இவ்விரு விதிகளை அறிந்த பிள்ளைக்கு நகரின் பெயர்ப்பலகைகள் பாதி புரிந்துவிடும்.

ஏரிக்கு அருகே பழைமையான சோமேசுவரர் கோயில் உள்ளது. அங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. இந்நகரில் தமிழ் நேற்று வந்த மொழியன்று என்பதை அக்கற்கள் உணர்த்துகின்றன. பின்னர், 1809இல் ஆங்கிலேயர் இங்குப் படை முகாம் அமைத்தபோது, படைவீரராகவும் வணிகராகவும் தொழிலாளராகவும் தமிழர் பெருமளவில் வந்து குடியேறினர்.

மகாத்மா காந்தி சாலையைக் கடந்தால் கப்பன் பூங்கா வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதனுள் வாகனங்களுக்கு இடமில்லாததால் நடப்போர் அச்சமின்றி நடக்கலாம். 1870இல் உருவாக்கப்பட்ட இப்பூங்கா இரண்டு நகரங்களுக்கு நடுவே இருந்தது. கிழக்கே ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட படை முகாம். மேற்கே மைசூர் அரசுக்குட்பட்ட பழைய நகரம். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் இருந்தன. 1949இல்தான் அவை இணைந்து ஒரே மாநகராட்சியாயின. கிழக்கிலிருந்து மேற்கே நடக்கும் தோழியர் இருவரும், ஒரு காலத்தில் எல்லையாக இருந்த நிலத்தையே கடக்கின்றனர்.

பூங்காவின் ஓரத்தில் செந்நிறத்தில் நிற்பது 'அட்டாரா கச்சேரி' எனப்படும் உயர்நீதிமன்றக் கட்டடம். 1868இல் நிறைவுற்ற அதனைக் கட்டும் ஒப்பந்தத்தை ஏற்றவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். ஏழைப் பிள்ளைகள் பயில்வதற்காக அவர் 1873இல் தொடங்கிய கல்வி நிறுவனம் இன்றும் இயங்கி வருகிறது. உயர்நீதிமன்றத்திற்கு எதிரே 1956இல் கட்டி முடிக்கப்பட்ட விதான சௌதா, கருநாடகச் சட்டமன்றமாக விளங்குகிறது.

மேலும் மேற்கே சென்றால் கெம்பே கௌடா 1537இல் நிறுவிய பழைய பேட்டைப் பகுதியை அடையலாம். கடைகள் பல அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பெயர்ப்பலகைகளை நின்று நிதானமாக வாசிக்கலாம். கோவலன் கண்ட மதுரையைப் போலவே இங்கும் தொழிலுக்கொரு தெரு உண்டு. அக்கிப்பேட்டை அரிசிக்குரியது; அரளேப்பேட்டை பருத்திக்குரியது; கும்பாரப்பேட்டை குயவர்க்குரியது. பளேப்பேட்டையின் பொருளைத் தோழி சொல்லும் முன்னரே தமிழ் மாணவி சொல்லிவிடுவாள். வகரம் பகரமாகும் என்பதை அவள் காலையிலேயே அறிந்தவள் அல்லவா? 'பளே' என்பது வளை. பளேப்பேட்டை வளையல் விற்ற தெரு.

இப்பகுதியிலுள்ள தருமராய சுவாமி கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் கரக விழா நிகழ்கிறது. திரௌபதியைப் போற்றும் அவ்விழாவை நடத்துவோர் திகளர். அவர்கள் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழியினர் எனக் கருதப்படுகின்றனர். ஊர்வலமாகச் செல்லும் கரகம், தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்வது வழக்கம். பெங்களூருவின் பெருவிழா எது என்று வினவினால், கன்னடர் பலரும் கரகத்தையே கூறுவர்.

தோழி ஏன் வேண்டும்?

இச்செய்திகளைக் கைப்பேசியும் தரும், நடப்பானேன் எனச் சிலர் வினவலாம். கைப்பேசி செய்தியைத் தரும், உறவைத் தாராது. பெங்களூருவின் பெயர் குறித்து வழங்கும் கதையே இதற்கு எடுத்துக்காட்டு. பசித்து வந்த மன்னனுக்கு மூதாட்டி ஒருத்தி வெந்த பயற்றை அளித்ததால், 'பெந்த காளூரு' என இவ்வூர் பெயர் பெற்றது என்பர். கன்னடத் தோழிக்கு அது பாட்டி சொன்ன கதை. 'பெந்த' என்பது 'வெந்த' என்பதே எனத் தமிழ் மாணவி உணரும்போது, அப்பாட்டியின் கதையில் அவளுக்கும் பங்கு கிடைக்கிறது. சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த பேகூர் நடுகல்லிலேயே இவ்வூர்ப்பெயர் இடம்பெற்றிருப்பதால், கதை பிற்காலத்தது என்பர் ஆய்வாளர். ஆயினும் ஒரே கதையை இருவர் சேர்ந்து பேசிச் சிரித்த நாள் பொய்யாகாது.

இரு மொழியினருக்கும் இடையே கசப்பான காலங்களும் இருந்தன. தோழியர் நடை தொடங்கிய ஏரிக்கு அருகிலுள்ள திருவள்ளுவர் சிலையே அதற்குச் சாட்சி. 1991ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்ட அச்சிலை, எதிர்ப்பின் காரணமாகப் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகத்து 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்து, மூவடிப் பாக்களால் அறம் பாடிய கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. சிலைகளைத் திறந்தவர்கள் ஆட்சியாளர்கள். அச்சிலைகள் மீண்டும் மூடப்படாமல் காப்பவர்கள், குறளையும் சர்வக்ஞரையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பிள்ளைகளே.

பெற்றோரின் அச்சம்

போக்குவரத்து நெரிசல், உடைந்த நடைபாதை, அதன்மீது நிறுத்தப்பட்ட வண்டிகள் ஆகியவற்றைக் காட்டிப் பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. அதற்காகப் பிள்ளைகளை வீட்டினுள் வைப்பது தீர்வாகாது. விடுமுறை நாளின் காலைப்பொழுதைத் தேர்ந்து, பெரியவர் ஒருவர் உடன் செல்லலாம். பிள்ளைகள் நடக்கத் தகுந்த நடைபாதைகளை அமைப்பது நகரத்தின் கடமை. நடப்போர் இல்லாத நகரில் நடைபாதையைக் கேட்போரும் இல்லாது போவர்.

அன்று மாலையில் கால் வலிக்க வீடு திரும்பும் பிள்ளையிடம் "உன் ஊர் எது?" என்று மீண்டும் வினவலாம். பாட்டியின் ஊரை அவள் மறந்திருக்க மாட்டாள். அதனோடு இன்னோர் ஊரையும் சேர்த்துச் சொல்வாள்.

கற்பவை கற்றபின்

1. உன் வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து தெருப்பெயர்களின் பொருளைக் கன்னடம் பேசும் நண்பரிடம் கேட்டு எழுதுக.
2. 'ஹொஸ' என்பது புதியது எனப் பொருள்படும் கன்னடச் சொல். ஓசூர் என்னும் ஊர்ப்பெயரின் பொருள் யாது?
3. 'நகரை அறிய நடையே சிறந்த வழி' என்னும் கருத்தை ஏற்றோ மறுத்தோ பத்து வரிகளில் எழுதுக.