விதி தவறா, கணக்கில் வராத சுமையா?

பத்தாவது படிக்கும் என் பேத்தி சென்ற வாரம் அக்ரஹாரத்து வீட்டுக்கு வாடிய முகத்துடன் வந்தாள். நட்சத்திர மண்டலங்களின் ஓரம் வேகமாகச் சுழலக் காரணம் என்ன என்று பள்ளி வினாடி வினாவில் கேட்டார்களாம். "கரும்பொருளாக இருக்கலாம், ஈர்ப்பு விதியே மாறுவதாலும் இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். "நான் எழுதியது தப்பா தாத்தா?" என்றாள். தப்பில்லை என்பதே என் பதில்.

சூரியனுக்கு அருகிலுள்ள புதன் வினாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. தொலைவிலுள்ள நெப்டியூனோ 5 கிலோமீட்டர்தான். தூரம் கூடினால் வேகம் குறையும் என்பது நியூட்டன் கணக்கு. 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா மண்டலத்தை அளந்தபோது, ஓரத்தில்கூட வேகம் அப்படிக் குறையவில்லை. வளைவில் அத்தனை வேகமாகப் போகும் வண்டி தடம் புரளவேண்டும், புரளவில்லை.

பாலம் கணக்கிட்டதைவிட அதிகம் தாழ்ந்தால் ரயில்வேக்காரனுக்கு இரண்டு சந்தேகம் வரும். கணக்கில் வராத சுமை ஏதோ இருக்கிறது. அல்லது சூத்திரம் பொருந்தவில்லை. பெரும்பாலான விஞ்ஞானிகள் முதலாவதைச் சொல்கிறார்கள். அந்தச் சுமைதான் கரும்பொருள். 1983-ல் இஸ்ரேலைச் சேர்ந்த மில்க்ரோம் இரண்டாவதைச் சொன்னார். பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 8,000 கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போனால் நியூட்டன் விதி மாறுகிறது என்றார். 2016-ல் 153 மண்டலங்களை ஆராய்ந்தபோது, கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கும் சுழற்சிக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது தெரிந்தது. அது அவர் சொன்னதற்கு இணக்கமாகவே இருந்தது.

சரித்திரம் இருபக்கமும் சாட்சி சொல்கிறது. யுரேனஸ் பாதை பிசகியபோது, காணாத கிரகம் ஒன்று இழுக்கிறது என்றார்கள். 1846-ல் நெப்டியூன் கிடைத்தது. புதன் பிசகியபோதும் அப்படியே தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. 1915-ல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியையே திருத்தவேண்டி வந்தது. நியூட்ரினோவும் 1930-ல் கணக்கை நேர்செய்யக் கற்பித்த காணாப்பொருள்தான். நம் தமிழ்த் தொழிலாளர்கள் வியர்வை சிந்திய கோலார் தங்கவயலில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965-ல் காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் பிடிபட்டது.

மில்க்ரோம் கணக்கிலும் ஓட்டை உண்டு. மண்டலங்கள் கொத்தாக உள்ள இடங்களில் அது போதவில்லை. 2006-ல் வெளியான 'புல்லட்' கொத்து ஆய்வு கரும்பொருள் கட்சிக்கே வலுச் சேர்த்தது. ஆனால் அந்தத் துகள் இன்றுவரை எந்த ஆய்வுக்கூடத்திலும் ஐயமறச் சிக்கவில்லை. எடை கரும்பொருள் பக்கம் சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஊர்விட்டு ஊர் வந்த நாம், பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். "இருக்கலாம்" என்று எழுதத் துணிந்த பிள்ளையை அடக்கிவிட்டால், நாளை அளந்து பார்க்க யார் வருவார்கள்? நம் சங்கத்தில் மாதம் ஒரு மாலை, பிள்ளைகள் கேட்கவும் பெரியவர்கள் பதில் தேடவும் ஒதுக்கலாமே! முதல் கேள்விக்கு என் பேத்தி தயார்.