கயிற்றின் மறுமுனை

'எந்தத் தொழிலிலும் உயர்வு தாழ்வு இல்லை' என்று நம் நடுத்தர வர்க்கத்துக் கனவான்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது: இவர்கள் எந்த ஊர்த் தொழிலைச் சொல்லுகிறார்கள்?

2024 அக்டோபர் முதல் ஆஸ்திரேலிய அரசாங்கம், 18 வயது முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களில் ஆண்டுக்கு 1000 பேருக்குக் குலுக்கல் முறையில் ஒரு விசா தருகிறது. ஓராண்டு ஊர் சுற்றலாம். செலவுக்கு வேலையும் செய்துகொள்ளலாம். படித்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்கான ஏற்பாடு அது. அங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திராட்சை அறுவடை. வைன் ஆலைகளின் தொட்டியறைகளில் எடுபிடி வேலைக்கு ஆள் தேவைப்படும் காலம். நம் வீட்டுப் பிள்ளை அங்கே போய், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு நிற்கிற படத்தை அனுப்பினால் என்ன நடக்கும்? அவனுடைய தாயார் அதை உறவினர்களுக்கெல்லாம் காட்டுவாள். "எப்படி உழைக்கிறான் பாருங்கள்!" என்று அப்பா பூரித்துப் போவார்.

பூரிக்கட்டும். உழைக்கிற பிள்ளையைப் பார்த்துப் பூரிப்பது நல்ல குணம்தான்.

ஆனால் அந்த வேலை என்ன என்று அவர்களுக்குத் தெரியுமோ? சினிமாவில் வருகிறதுபோல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் திராட்சையை மிதிப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். நாசிக் பக்கத்தில் அறுவடைக் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலாக்காரர்களை மிதிக்க விடுகிறார்களே, அது வேடிக்கை, வேலை அல்ல. வேலை என்பது பெரும்பாலும் கழுவுவது. தொட்டியைக் கழுவு, குழாயைக் கழுவு, தரையைக் கழுவு. கழுவி முடித்தால் அடுத்த லாரி வந்து நிற்கும். காம்பு நீக்கி நசுக்கிய கருந்திராட்சை தோலோடு தொட்டிக்குள் போய்ப் பொங்கும். தோலெல்லாம் மேலே மிதந்து தடித்த ஆடையாகக் கட்டிக்கொள்ளும். அது காயாமலிருக்க, அடியிலுள்ள சாற்றை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மேலேற்றி ஊற்ற வேண்டும். பொங்கி அடங்கியபின் ரசத்தை வடித்துவிட்டு, அடியில் தங்கிய ஈரத் தோலை, கீழ்ப்புறத்துச் சின்னக் கதவு வழியாக ஓர் ஆள் உள்ளே புகுந்து மண்வெட்டியால் வாரி வெளியே தள்ள வேண்டும்.

அங்கேதான் எமன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு லிட்டர் சாறு பொங்கும்போது நாற்பது லிட்டருக்குக் குறையாமல் கரியமில வாயு கிளம்புகிறது. காற்றைவிட அது ஒன்றரை மடங்கு கனம். தொட்டியின் அடியிலேயே படுத்துக் கிடக்கும். நிறமும் இல்லை, எச்சரிக்கிற நாற்றமும் இல்லை. பழைய காலத்து ஆட்கள் மெழுகுவர்த்தியோடு இறங்குவார்களாம். வர்த்தி அணைவதற்கு முன்பே மனிதனுக்கு ஆபத்து வந்துவிடும் என்பது பின்னால் தெரிந்த சங்கதி. ஒருவன் உள்ளே விழுவான். அவனைத் தூக்க இன்னொருவன் குதிப்பான். அவனும் எழுந்திருக்க மாட்டான்.

இந்தக் கதையை வேறெங்கோ கேட்டிருக்கிறோம், இல்லையா?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு நடை போய் வாருங்கள். திராட்சை கிடையாது, தொட்டிகள் உண்டு. எண்ணெய்த் தொட்டி, ரசாயனத் தொட்டி, கப்பலின் அடித்தளம், வீட்டுக்குப் பின்னாலுள்ள மலத்தொட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி உண்டு. அந்த மூடியைத் திறந்து உள்ளே இறங்குகிறவனும் தண்டையார்ப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். அவன் படத்தை யாரும் சொந்தக்காரருக்குக் காட்டுவதில்லை. செத்தால் பத்திரிகையில் வருகிறது, அதுவும் ஆறாவது பக்கத்தில். அதைப் படித்துவிட்டு நம் கனவான் காப்பியை உறிஞ்சியபடி, "குடித்துவிட்டு இறங்கியிருப்பான்" என்கிறார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் உங்கள் பிள்ளை தொட்டிக்குள் மயங்கி விழுந்தால், 'குடித்திருப்பான்' என்பீர்களா? வைன் ஆலையில் அப்படிச் சொல்லவாவது ஒரு முகாந்திரம் உண்டு! ஆனால் சொல்ல மாட்டீர்கள். வாயுவைச் சோதித்தார்களா, வெளியே யார் நின்றார்கள், முதலாளி யார் என்று கேட்பீர்கள். சரியான கேள்விகள். அவற்றை இங்கே ஏன் கேட்பதில்லை?

கேட்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆவது பிரிவே சொல்லிவிட்டது: விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஒருவன் இறங்குமுன், தகுதியுள்ளவர் சோதித்து, ஆபத்தில்லை என்று எழுதித் தர வேண்டும், இல்லையேல் இறங்குகிறவனுக்கு மூச்சுக் கருவியும், உடம்பில் பட்டையும், பட்டையில் கயிறும் வேண்டும். கயிற்றின் மறுமுனை வெளியே நிற்கிற ஒருவன் கையில் இருக்க வேண்டும். தெருச் சாக்கடைக்கும் மலத்தொட்டிக்கும் 2013இல் தனிச் சட்டமே வந்தது. அப்படிச் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்த வேண்டிய அவசியமே வந்திராது.

வெள்ளைக்காரன் தேசம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரான்சின் ஷாம்பெய்ன் பிரதேசத்தில் 2023 செப்டம்பர் அறுவடையின்போது, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 50க்கும் மேற்பட்ட கூலிகளைப் பாழடைந்த இடத்தில் அடைத்து வேலை வாங்கினார்கள். 2025 ஜூலையில் அங்குள்ள நீதிமன்றம் அதை மனித வியாபாரம் என்றே தீர்ப்பளித்து மூவரைத் தண்டித்தது. கோப்பையில் நுரைக்கிற அந்தப் பானத்துக்கும் ஒரு கூலிக்காரன் உண்டு. அவனையும் அங்குள்ள கனவான்கள் பார்ப்பதில்லை. கனவான்கள் எங்கும் ஒரே ஜாதி.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அம்மோனியா கொஞ்சம் யோக்கியமான வாயு. மூக்கைக் குத்தித் தான் வந்திருப்பதைச் சொல்லிவிடுகிறது. தொட்டிக்குள் கிடக்கிற வாயு அப்படிச் சொல்லாது. ஆகவே வெளியே நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

வெளியே நிற்பது யார்? நாம்தான். அடுத்த தடவை உங்கள் தெருவில் ஒரு மூடி திறந்து கிடந்து, பக்கத்தில் ஒருவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தால், மூக்கைப் பொத்திக்கொண்டு விரைந்து போய்விடாதீர்கள். நின்று காண்டிராக்டரைக் கேளுங்கள்: "இவரை இறக்கச் சட்டத்தில் இடமில்லையே, யார் இறக்கச் சொன்னது? மெஷின் எங்கே?" அவன் உங்களை முறைப்பான். "உமக்கென்ன சார்?" என்பான். ஆஸ்திரேலியாவில் இருக்கிற உங்கள் பிள்ளையை நினைத்துக்கொண்டு, அவனுக்குப் பதில் சொல்லுங்கள்.