முதுகில் நீர் எடுக்க அஞ்சலாமா?



நோயாளரைச் சந்திக்க மருத்துவமனைக்குச் செல்லும் என்னிடம் உறவினர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சாமி, முதுகிலே ஊசி போட்டு நீர் எடுக்கணுமாம். எடுத்தால் கால் விளங்காமல் போகுமாமே, கையெழுத்துப் போடலாமா?" இவ்வச்சம் உயிருக்கே உலை வைக்கும் நோய் ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன்.

கிரிப்டோகாக்கஸ் என்பது ஈஸ்ட் வகையைச் சார்ந்த காளான். 'மறைந்திருக்கும் மணி' என்பது அப்பெயரின் பொருள். குருமடத்தில் அரைகுறையாகப் பயின்ற கிரேக்கம் இவ்வளவுக்கேனும் உதவுகிறது! புறா எச்சம் கலந்த மண்ணிலும் தூசியிலும் வாழும் இதனை நாம் அறியாமலே மூச்சில் இழுக்கிறோம். நலமுள்ள உடல் அதனை அடக்கிவிடும். எச்.ஐ.வி.யினால் எதிர்ப்பாற்றல் குன்றியவர், சிறுநீரக மாற்று பெற்றவர், நெடுங்காலம் ஸ்டீராய்டு உண்பவர் ஆகியோரிடத்திலோ அது குருதி வழியே மூளை உறையை அடையக்கூடும். நோயாளரிடமிருந்து பிறருக்கு இது தொற்றாது. அவருடைய தட்டையும் பாயையும் ஒதுக்கி வைப்பது வீண் கொடுமை.

முதலில் வருவது தலைவலிதான். வாரக்கணக்கில் மாத்திரையோடு காலம் கழியும். பின்னர் வாந்தி, பார்வை மங்கல், மனக்குழப்பம். பேய்க்கோளாறு என்றெண்ணி மந்திரிக்க அழைத்து வருவோரை நான் மருத்துவமனைக்கே அனுப்பிவிடுவேன்.

காளான் பெருகி மூளைநீர் வடியும் வழியை அடைப்பதால் தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. கண்ணையும் உயிரையும் கெடுப்பதில் அதற்குப் பெரும்பங்குண்டு. அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீர்மட்டத்தை எட்டினால் மருத்துவர் நீரை வடித்து, 20க்குக் கீழாகவோ பாதியாகவோ குறைப்பர்; மீண்டும் ஏறினால் மறுநாளும் வடிப்பர். ஆகவே இங்கே நீர் எடுப்பது சோதனையாகவும் சிகிச்சையாகவும் அமைகிறது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழேதான் செலுத்தப்படுகிறது. சில நாள் தலைவலியோ முதுகுவலியோ இருக்கலாம்; கால் முடங்குவது மிக மிக அரிது. மூளையில் கட்டி உண்டோ என ஐயம் எழுந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பர்.

எடுத்த நீரில் 'இந்திய மை' ஒரு சொட்டுக் கலந்து நுண்ணோக்கியில் நோக்கினால், கரிய பரப்பில் ஒவ்வொரு காளானும், புனிதர் படங்களிற்போல, ஒளிவட்டத்தோடு தோன்றுமாம். கேட்டு வியந்தேன்.

மருந்தும் எளிதாகியுள்ளது. ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் 800க்கு மேற்பட்ட எச்.ஐ.வி. நோயாளரிடம் நடத்தப்பெற்று 2022இல் வெளிவந்த ஆய்வில், கொழுப்புறையிட்ட ஆம்போடெரிசின் ஊசியை ஒரே முறை உயர்ந்த அளவில் செலுத்தி, ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் மாத்திரைகளை இருவாரம் கொடுத்தனர். ஏழு நாள் ஊசி போட்டதற்கு இது சற்றும் குறையவில்லை. ஆயினும் பத்து வாரத்துக்குள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மாண்டனர்.

மற்றொன்று. எச்.ஐ.வி. மாத்திரையை நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே தொடங்கலாம் என மருத்துவர் கூறினால், புறக்கணிக்கிறார் என்று சினவாதீர். எதிர்ப்பாற்றல் திடீரென மீண்டால் மூளையில் அழற்சி மிகும். ஃப்ளூகோனசோலையோ ஓராண்டேனும் விடாது உண்ண வேண்டும். தலைவலி நின்றதும் அதனை நிறுத்திவிட்டு, மறுபடி அதே கட்டிலுக்குத் திரும்பி வருவோர் உண்டு.