புண்ணைக் காய விடலாமா?



அண்மையில் எங்கள் பள்ளித் திடலில் ஓட்டப் பயிற்சியின்போது நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். காயத்தைக் கழுவி, மஞ்சள் மருந்து தடவி, "மூடாதே, காற்றுப் படட்டும், காய்ந்தால்தான் ஆறும்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவன் முழங்காலில் காப்பித்தூள் அப்பியிருந்தது. பாட்டி வைத்துவிட்டாராம். "காயணும்னு நீங்கதானே சொன்னீங்க ஐயா" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பாட்டியைக் குறைகூற எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர் காப்பித்தூளால் செய்ய நினைத்ததையே நான் காற்றால் செய்யச் சொன்னேன். இருவரும் புண்ணை உலர்த்தத்தான் பார்த்தோம். அது தவறு என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது அதன் பிறகுதான்.

1962ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் இதனைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் காயவிட்டார். சிலவற்றை மெல்லிய நெகிழித் தாளால் மூடினார். மூடி ஈரமாக வைக்கப்பட்ட காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது.

காரணம் என்ன? புண் தானாக ஆறுவதில்லை. உயிரணுக்கள் நகர்ந்து வந்து அதனை மூடுகின்றன. தோல் கிழிந்ததும் விளிம்பிலுள்ள உயிரணுக்களிலிருந்து செய்தி சொல்லும் புரதங்கள் விடுபடுகின்றன. ஒவ்வோர் உயிரணுவின் மேற்பரப்பிலும் அச்செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. மாணவர்களிடம் 'உயிரணுவின் காதுகள்' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். செய்திப் புரதம் வந்து பொருந்தியதும் ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து உள்ளே கட்டளையைக் கடத்துகின்றன. விளிம்பிலுள்ள உயிரணு, பக்கத்து உயிரணுக்களோடு கொண்ட பிடியைத் தளர்த்தி, முன்பக்கம் விரிந்து ஊர்கிறது. வேறு வகை ஏற்பிகள் அடித்தளத்தைப் பற்றிப் பற்றி நகர உதவுகின்றன. பின்னால் உள்ளவை பெருகி இடத்தை நிரப்புகின்றன.

இச்செய்திப் புரதங்களுள் ஒன்று மேல்தோல் வளர்ச்சிக் காரணி. இதனைக் கண்டறிந்த ஸ்டான்லி கோஹன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புண்ணில் கசியும் நீரில்தான் இவை போன்ற புரதங்கள் பரவுகின்றன. நாமோ அந்நீரை வற்றச் செய்கிறோம். காய்ந்த பொருக்கின்மேல் உயிரணுக்களால் ஊர முடியாது. அதற்கு அடியில் புகுந்து வழி வெட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் தாமதம்.

இதை வகுப்பில் விளக்கியபோது அதே மாணவன் கேட்டான்: "மூடினதும் நிறுத்தணும்னு அதுக்கு எப்படி ஐயா தெரியும்?" அருமையான கேள்வி! இரு பக்கத்து உயிரணுக்களும் சந்தித்துத் தொட்டுக்கொண்டதும் ஊர்வது நிற்கிறது. இந்த அடக்கம் தவறினால் ஆபத்து. சில வகைப் புற்றுநோய்களில் இதே வளர்ச்சிக் காரணியின் ஏற்பி ஓயாமல் 'வளர், வளர்' என்கிறது. அந்த ஏற்பியை அடக்கும் மருந்துகளை உட்கொள்வோர் பலருக்குத் தோலில் தடிப்புகள் தோன்றுவதும் இதனால்தான். தோலுக்கும் அந்த ஏற்பி தேவையல்லவா?

"அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் ஆறவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். ஆறியது, உண்மைதான். நாம் செய்த இடையூறுகளையும் மீறித் தோல் ஆறியது. "மூடினால் சீழ் பிடிக்குமே" என்பாரும் உளர். சீழுக்குக் காரணம் கிருமியும் அழுக்கும். காப்பித்தூளும் பற்பசையும் புண்ணைத் தூய்மையாக்குவதில்லை.

ஆகவே, சிறு சிராய்ப்பு என்றால் ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி, பிளாஸ்டரால் மூடுங்கள், நாள்தோறும் மாற்றுங்கள். பொருக்கைப் பிய்க்க விடாதீர்கள். ஆழமான காயம், விலங்குக் கடி, துருப்பிடித்த ஆணி குத்தியது, நீரிழிவு உள்ளவரின் கால் புண் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளாஸ்டர் ஒட்டும்போது காரணத்தையும் சொல்லி ஒட்டுங்கள். காரணமின்றி நான் சொன்ன ஒரு சொல்தான் அந்த வீட்டில் காப்பித்தூளாக மாறியது. காரணத்தோடு சொன்னபோது அதே மாணவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டிக்கே பாடம் நடத்தியிருக்கிறான். "இத்தனை நாளா யாரும் இதைச் சொல்லலையேப்பா" என்றாராம் பாட்டி.