இலவசம் என்னும் ஏச்சு

'இலவச மனநிலை' பற்றிச் சக இதழ் ஒன்றில் வந்த கட்டுரைக்குப் பரிசு கிடைத்திருக்கிறது. உதவித்தொகை குறைந்ததும் கொடி பிடிக்கும் மாணவர்களுக்குச் சிந்தனைச் சோம்பலாம், உதாரணம் கர்நாடகம். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சும்மா விட முடியாது.

1996ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாட்டில் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ்ஸாக வசூலாகி, கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. அவர்கள் பிள்ளைகளுக்கான கல்வி உதவி அந்தப் பணத்திலிருந்துதான். 2023 அக்டோபர் கடைசியில் அதில் கத்தி விழுந்தது. சட்டம் படிப்பவருக்கு 30,000 ரூபாயாக இருந்தது வெகுவாகக் குறைந்தது. வாரியம் தரும் லேபர் கார்டில் போலி பெருகிவிட்டது என்றார் தொழிலாளர் துறை அமைச்சர். அப்படியானால் கார்டைச் சோதியுங்கள். தொகையை ஏன் வெட்ட வேண்டும்? மாணவிகள் உயர் நீதிமன்றம் போய், 2021ஆம் ஆண்டு விகிதப்படியே கொடுக்க உத்தரவு வாங்கினார்கள். சிந்தனைச் சோம்பலின் லட்சணம்!

நம் இதழுக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும் சட்டக் கல்லூரி மாணவியின் அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. வருஷத்தில் 90 நாள் வேலை பார்த்ததாகச் சான்று வாங்க மேஸ்திரி பின்னால் அலைந்துதான் கார்டைப் புதுப்பிக்கிறார். "இது பட்ஜெட் காசே இல்ல சார். எங்கப்பா சாரம் கட்டி நின்ன அபார்ட்மெண்டுக்கு பில்டர் கட்டின காசு" என்றாள். அதிலும் நமக்கு ஒரு திருத்தம் உண்டு. பில்டர் எங்கே கட்டினார்? கூலியில் கொடுக்காமல் விட்டதில் ஒரு துளி, வாரியத்தைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புகிறது. திரும்புகிற வழியில் மறித்துவிட்டு அதற்கு இலவசம் என்று பெயர் வைக்கிறார்கள்.

இப்படிக் கொடுக்காமல் விடுவதற்கு மார்க்ஸ் வைத்த பெயர் உபரி மதிப்பு. அதை எத்தனை இரவு படித்தோம்! 1980-81 பொதுத்துறை வேலைநிறுத்தம் முடிந்த சூட்டில், மார்க்ஸியத்தில் அல்தூஸரா கிராம்ஷியா என்று டீக்கடை சாத்தும்வரை இந்த ஊரில் சண்டை. அன்று வாதாடியவர்களில் சிலர்தான் இன்று 'வரி கட்டுபவர் பணம்' என்கிறார்கள். இதைக் கேட்காமல் அல்தூஸர் தப்பித்தார்.

டில்லியும் யோக்கியமில்லை. 2022இல் சிறுபான்மைக் குழந்தைகளின் எட்டாம் வகுப்பு வரையிலான உதவித்தொகையை நிறுத்தியது. இங்கோ, பட்டியல் சாதி, பழங்குடித் துணைத்திட்ட நிதியில் 11 ஆயிரம் கோடிக்கு மேல் 2023-24இல் பெண்களுக்கு இலவச பஸ் உள்ளிட்ட மாநில அரசின் உத்தரவாதத் திட்டங்களுக்குப் போனது. அம்மாவுக்கு இலவச பஸ் வேண்டும், அதற்கு என் ஹாஸ்டல் பணத்தில் கை வைக்காதே என்கிறார்கள் பிள்ளைகள். இதைவிடத் தெளிவாகப் பரிசுக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

விளிம்பு, விளிம்பு என்று முப்பது வருஷமாக எழுதும் சிற்றிதழ்க்காரர்களில் லேபர் கார்டைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? அந்தக் கட்டுரைக்கு மறுப்பு போடப்போவதில்லை. கார்டு வீட்டுப் பிள்ளைகள் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் பக்கம் உண்டு. கவிதை வேண்டாம், கணக்கு எழுதுங்கள்.